கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார்?

(தொடர்புத் தடமறியும் செயலிகளையும் மக்கள் மனத்தையும் பற்றித் திருத்தணியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராற்றுக்கு நடுவராக இருந்த பட்டாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் என்று பலவற்றைக் கடந்து கிடைத்த நாள் அது. அந்த நாளுக்கு அறுபது ஆண்டு நிறைந்த மறுநாள், 2020 ஏப்ரல் 2 அன்று, ஒன்றிய அரசு கொரோனா தொற்றுக்கான தடமறியும் செயலியாக ஆரோக்கிய சேதுவை வெளியிட்டது. தற்செயல்தான். ஆனால் இந்த ஊரில் நின்று அந்தச் செயலியைப் பற்றிப் பேசுபவர் எல்லைக்கோட்டை ஒதுக்கிவைத்துப் பேச முடியாது. கோடு போட்டு இத்தனை காலம் ஆகியும் திருத்தணிக்காரருக்கு ஆந்திரத்து நகரி பக்கத்து ஊர்தான். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு நகரியிலும் புத்தூரிலும் தொழில் உண்டு, உறவும் உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும், தமிழில் தொடங்கிய பேச்சைத் தெலுங்கில் முடிப்பதும் இங்கே வழக்கம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் அந்த வழக்கமெல்லாம் ஒரு சோதனைச் சாவடியில் போய் நின்றது.

வேலூர் மாவட்டத்தில் ஏப்ரல் கடைசியில் ஆந்திர எல்லைச் சாலைகளின் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் ஓரிரு நாளில் இடித்தார்கள். சுவர் போனது, இ-பாஸ் இருந்தது. எல்லை தாண்ட வேண்டியவர் பெயர், அடையாள அட்டை எண், கைபேசி எண், வண்டி எண், போகும் இடம், போகும் காரணம், கூட வருகிறவர்கள் யார் என்பதையெல்லாம் இணையத்தில் ஏற்ற வேண்டும். சாவுக்குப் போகிறவர் அதற்கான சான்றை இணைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவர் பத்திரிகையை, வைத்தியத்துக்குப் போகிறவர் மருத்துவர் சீட்டை. கையில் ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் இந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் போனார்கள். பணம் வாங்கிக்கொண்டு பாஸ் எடுத்துக்கொடுத்த தரகர்கள் பிடிபட்டார்கள். ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரத்தோடு விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் என்று அரசு தளர்த்தியது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் தேவையில்லை என்றானது. அதுவரை எத்தனையோ குடும்பங்களின் சாவும் வாழ்வும் நோயும் ஸ்கேன் படங்களாக எங்கெங்கோ சேர்ந்திருந்தன. அவை என்ன ஆயின என்ற கேள்வி பொதுவெளியில் பெரிதாக எழவே இல்லை.

இதைக் காட்டித்தான் பலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நம் மக்களுக்குத் தனியுரிமை பற்றிய கவலை கிடையாது, அது படித்த நகரத்தாரின் கவலை, ஐரோப்பியரின் கவலை, கேட்டால் எண்ணைக் கொடுத்துவிடுகிறவர்கள் நம்மவர்கள் என்பது அந்த முடிவு. அது தவறு என்பதுதான் இந்த உரையின் வாதம். பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் தகவல் கொடுத்த விதத்தையும் மறைத்த விதத்தையும் கூர்ந்து பார்த்தால் அதில் தெளிவான ஒரு கணக்கு தெரிகிறது. கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார், கொடுத்தது வேறு யார் கைக்குப் போகும், எப்போது அழியும்? இந்த நான்கையும் சட்டப் புத்தகம் படிக்காதவர்களும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டார்கள். பதில் கிடைத்த இடத்தில் கொடுத்தார்கள். கிடைக்காத இடத்தில் வாயை மூடிக்கொண்டார்கள், அல்லது பொய் சொன்னார்கள்.

மக்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மார்ச் 28 அன்று சென்னை ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனுக்குச் சொந்தமான கட்டடத்தில் மாநகராட்சி ஊழியர்கள் அப்படி ஒன்றை ஒட்டிவிட்டுப் பிறகு எடுத்தார்கள். வெளிநாடு போய் வந்த வேறொருவரின் கடவுச்சீட்டில் அந்தப் பழைய முகவரி இருந்ததுதான் காரணம். தான் தனிமையில் வைக்கப்படவில்லை என்று கமல் அறிக்கை விட்டார், செய்தித்தாள்கள் போட்டன, விஷயம் முடிந்தது. நான்கு தறி வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக் கதவில் தவறாக ஒட்டப்பட்டிருந்தால் அவர் யாரிடம் அறிக்கை விடுவார்? ஸ்டிக்கருக்கு அடுத்து தகரம் வந்தது. தொற்று உறுதியானவர் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். தெருவுக்கே தெரிந்தது. பால்காரர் வர மறுத்தார், தண்ணீர் கேன் போடுகிறவர் முனையிலேயே வைத்துவிட்டுப் போனார், வேலை செய்யும் இடத்தில் பெயர் அடிபட்டது. ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கப் போனவர்கள் மீது சென்னையில் கல்லெறிந்தார்கள். மருத்துவருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள் எப்படித் துணிந்து காய்ச்சல் என்று சொல்வார்கள்?

அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி ஆணையிட்டால் ஒழிய, தொற்றுள்ளவர் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது. தீர்ப்பு வந்தபோது முதல் அலை ஓய்ந்துகொண்டிருந்தது.

ஆக, இங்கே மக்களின் முதல் பயம் தில்லியில் உள்ள கணினியைப் பற்றியது அல்ல, எதிர்வீட்டைப் பற்றியது. தொடக்க நாட்களில் மாநிலச் சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கைகளில் நோயாளியின் பெயர் இருக்காது. வயது இருக்கும், ஆணா பெண்ணா என்பது இருக்கும், மாவட்டமும் பயண விவரமும் இருக்கும். சென்னையில் அது வெறும் புள்ளிவிவரம். சிற்றூரில் துபாயிலிருந்து வந்த 34 வயது ஆண் என்றாலே பெயர் சொன்ன மாதிரிதான்.

ஆரோக்கிய சேதுவை இந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய அந்தச் செயலி பெயர், கைபேசி எண், வயது, பாலினம், தொழில், அண்மைய வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றைக் கேட்டது. புளூடூத், ஜிபிஎஸ் இரண்டையும் எப்போதும் திறந்து வைக்கச் சொன்னது. பக்கத்தில் வரும் இன்னொரு செயலியோடு அடையாளத்தைப் பரிமாறிக்கொள்ளும். யாருக்காவது தொற்று உறுதியானால் அவர் கைபேசியில் உள்ள பதிவு சர்வருக்குப் போகும், உடன் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை வரும். 13 நாளில் 5 கோடிப் பேர் பதிவிறக்கினார்கள் என்று நிதி ஆயோக்கின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி அமிதாப் காந்த் பெருமிதத்தோடு சொன்னார். கைபேசியில் உள்ள பதிவு 30 நாளில் அழியும், சர்வருக்குப் போனது 45 நாளில் அழியும், தொற்றுள்ளவருடையது குணமாகி 60 நாள் கழித்து அழியும் என்று அதன் தனியுரிமைக் கொள்கை சொன்னது. இந்த வரிகளை விளம்பரங்களில் பெரிதாகப் போட்டிருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும். விளம்பரங்களோ பதிவிறக்க எண்ணிக்கையைத்தான் பேசின.

செயலியில் இன்னொரு வசதியும் இருந்தது. 500 மீட்டர், 1, 2, 5, 10 கிலோமீட்டர் என்று சுற்றளவைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் எத்தனை பேர் உடல்நலம் குன்றியிருப்பதாகத் தெரிவித்தார்கள், எத்தனை பேருக்குத் தொற்று என்று காட்டும். 2020 மே மாதம் பிரான்சைச் சேர்ந்த ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் இருப்பிடத்தை மாற்றிக்கொடுத்து, பிரதமர் அலுவலகத்திலும் ராணுவத் தலைமையகத்திலும் எத்தனை பேர் தங்களுக்கு உடல்நலமில்லை என்று குறித்திருக்கிறார்கள் என எடுத்துக்காட்டினார். யாருடைய தனித் தகவலும் வெளியாகவில்லை என்று அரசு மறுத்தது. தில்லியைப் பொறுத்தவரை அந்த மறுப்பில் நியாயம் உண்டு. பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 500 மீட்டருக்குள் ஒருவருக்குத் தொற்று என்று செயலி காட்டினால், அந்த ஒருவர் யாரென்று டீக்கடையில் அரைமணி நேரத்தில் முடிவாகிவிடும். சில நேரம் தவறான ஆளையும் முடிவுசெய்துவிடும். பெயர் மறைத்தால் போதும் என்ற எண்ணம் பெருநகரத்து எண்ணம். மக்கள் அடர்த்தி குறைந்த ஊர்களில் எண்ணிக்கையே பெயராகிவிடுகிறது. செயலிகளை வடிவமைப்பவர்கள் இன்னும் போதுமான அளவு யோசிக்காத இடம் இதுதான்.

அடுத்து வந்தது கட்டாயம். மே 1 அன்று உள்துறை அமைச்சகம் அரசு, தனியார் ஊழியர் எல்லோரும் செயலியை வைத்திருக்க வேண்டும் என்றது. நொய்டா காவல்துறை ஒரு படி மேலே போய், செயலி இல்லாமல் வெளியே வந்தால் இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவின்கீழ் குற்றம் என்றது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் முதல் வரைவைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்த முன்னாள் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா இந்தக் கட்டாயம் சட்டத்துக்குப் புறம்பானது என்று வெளிப்படையாகவே சொன்னார். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்திருந்தார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் ஒரு சட்டம் வேண்டும், தேவை வேண்டும், எடுத்த நடவடிக்கை தேவைக்கு மிஞ்சாததாக இருக்க வேண்டும். ஆரோக்கிய சேதுவுக்குத் தேவை இருந்தது, சட்டம் இல்லை. மே 11 அன்று வந்தது ஒரு நெறிமுறை மட்டுமே, நாடாளுமன்றம் பார்க்காதது. மே 17 அன்று உள்துறையே பிடியைத் தளர்த்தி, நிறுவனங்கள் இயன்றவரை முயலட்டும் என்று மாற்றிக்கொண்டது. மே 26 அன்று ஆண்ட்ராய்டு செயலியின் மூல நிரலையும் வெளியிட்டார்கள். இந்த இரண்டு மாற்றங்களும் கேள்வி கேட்டவர்களால் வந்தவை. அவர்களைத் தொற்றுக்குத் துணைபோகிறவர்கள் என்று அப்போது திட்டியவர்கள் உண்டு. வரலாறு அவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

அக்டோபர் இறுதியில் நடந்தது இன்னும் மோசம். செயலியை யார் உருவாக்கினார்கள், கோப்புகள் எங்கே என்று ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டதற்குத் தங்களிடம் தகவல் இல்லை என்று அதிகாரிகள் பதில் சொல்ல, மத்தியத் தகவல் ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பிறகு அமைச்சகம் விளக்கம் தந்தது. கோடிக்கணக்கானோரின் கைபேசியில் உட்கார்ந்திருக்கும் ஒன்றுக்குப் பிறப்புச் சான்று காட்ட அரசுக்குச் சில நாள் பிடித்தது என்பது சாதாரண விஷயமல்ல. கர்நாடக உயர் நீதிமன்றமோ 2021 ஜனவரி 25 அன்று, தெரிந்து தந்த சம்மதம் இல்லாமல் பயனாளரின் தகவலை மற்ற அரசு அமைப்புகளோடு பகிரக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது. காஷ்மீரின் குல்காமில் செயலித் தகவல் காவல்துறைக்குத் தரப்பட்டதாகத் தகவல் உரிமை பதில் வெளியானதும் அதே மாதத்தில்தான்.

நோய்க்காகக் கொடுத்தது காவல் நிலையத்துக்குப் போவதை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்குச் சிங்கப்பூரைவிடத் தெளிவான சான்று இல்லை. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள அந்த நாடு 2020 மார்ச் 20 அன்றே டிரேஸ்டுகெதர் செயலியை வெளியிட்டது. கைபேசி இல்லாத முதியவர்களுக்குக் கையடக்கக் கருவி கொடுத்தது. தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதி சொல்லியிருந்தார். அரசை நம்புவதில் சிங்கப்பூரார் பெயர் பெற்றவர்கள். அடுத்த ஆண்டு தொடங்கும்போது நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் சேர்ந்திருந்தார்கள். 2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் இன்னொரு அமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறை இந்தத் தகவலைக் கேட்டுப் பெறலாம் என்றார். அடக்கமான அந்த நாட்டிலும் கோபம் வெளிப்படையாகவே கிளம்பியது. அரசு ஒரே மாதத்தில் சட்டம் கொண்டுவந்து, கொலை, பயங்கரவாதம், கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 2023 பிப்ரவரியில் செயலியை மூடியபோது, ஒரு கொலை வழக்குக்குரியதைத் தவிர மற்ற தகவலை அழித்துவிட்டதாகவும் அறிவித்தது. மக்கள் கோபப்பட்டது தகவல் எடுத்ததற்காக அல்ல. சொன்ன சொல் மாறியதற்காக. கொலைகாரனைப் பிடிப்பது நல்ல காரியம்தானே என்ற வாதம் அவர்களிடம் எடுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் உணவகங்களில் வருகையைப் பதிய உதவிய லூக்கா செயலியின் தகவலை மைன்ஸ் நகரக் காவல்துறை ஒரு மரணத்தை விசாரிக்கப் பெற்றது 2022 ஜனவரியில் தெரியவந்ததும், அந்தச் செயலியை நீக்கச் சொல்லி அரசியல்வாதிகளே குரல் கொடுத்தார்கள். அதே ஜெர்மனியின் அரசுச் செயலி யாருடைய பெயரையும் மையத்தில் சேர்க்காத வடிவமைப்பு கொண்டது. அதன்மீது அப்படிக் கோபம் எழவில்லை.

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2020 ஏப்ரலில் கேட்ட கேள்விகளும் இதையே காட்டின. தொற்று உறுதியானவர் போன இடங்களைக் கைபேசி மூலம் அரசு தொடரலாமா என்றதற்கு 52 விழுக்காட்டினர் சரி என்றார்கள். அவரோடு பழகியிருக்கக் கூடியவர்களைத் தொடரலாமா என்றதற்கு 45. எல்லோரும் இடைவெளி கடைப்பிடிக்கிறார்களா என்று கண்காணிக்கலாமா என்றதற்கு 37. கைபேசி அதேதான், அரசும் அதேதான். நோக்கம் மாற மாற இசைவு இறங்குகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு பாடம் இருக்கிறது. ஆந்திரத்தில் 2019இல் வந்த கிராம வாலண்டியர் முறையில் ஐம்பது வீட்டுக்கு ஒருவர் இருந்தார். தொற்றுக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கேட்டவர்கள் அவர்கள்தான், தெரிந்த முகம் என்பதால் கதவு திறந்தது. அதே வாலண்டியர்கள் சேர்த்த குடும்ப விவரம் கட்சிக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டு பின்னர் பெரும் அரசியல் சண்டையானது. 2024 தேர்தல் நேரத்தில் தேர்தல் ஆணையம் அவர்களை ஓய்வூதியம் வழங்கும் பணியிலிருந்தே விலக்கி வைத்தது. குற்றச்சாட்டு எவ்வளவு உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நோய் கேட்க வந்தவரையே ஓட்டுக் கணக்கு எடுப்பவராகவும் மக்கள் சந்தேகித்தால், அடுத்த தொற்றில் அந்தக் கதவு திறக்குமா?

சரி, செயலி வேலையாவது செய்ததா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செய்தது என்று நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. 2020 டிசம்பர் இறுதிக்குள் சுமார் 2.8 லட்சம் முதல் 6 லட்சம் வரை தொற்றுகளை அந்தச் செயலி தவிர்த்திருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அது ஆளுக்கொரு கைபேசி உள்ள நாடு. இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காடு என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. மகன் கைபேசி வேலைக்குப் போகும், அம்மா ரேஷன் கடைக்குப் போவார். செயலி மகனைத்தான் பின்தொடரும். சாதாரணக் கைபேசிக்காரர்களுக்காக 1921 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கும் வசதி வந்தது உண்மை. அதனால் பக்கத்தில் நின்றவர் யாரென்று சொல்ல முடியாது.

புளூடூத்தின் குறை வேறு. அலையின் வலிமையை வைத்துத்தான் அது தூரத்தை ஊகிக்கிறது. மனித உடல் அலையை விழுங்கும், உலோகம் திருப்பி அடிக்கும். டப்ளின் நகர டிராமில் கைபேசிகளை வைத்துச் சோதித்த ஆய்வாளர்கள், அருகில் இருந்தவரைக் கண்டுபிடிப்பதில் அது கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிடத் தேறவில்லை என்றார்கள். சென்னையிலிருந்து திருத்தணி வரும் மின்சார ரயிலும் உலோகப் பெட்டிதான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கொண்டு 365 படி ஏறும் கூட்டத்தை எடுத்துக்கொண்டால் சிக்கல் தலைகீழாகும். ஒருவருக்குத் தொற்று என்றால் செயலி எத்தனை ஆயிரம் பேருக்கு மணி அடிக்கும்? 2020இலும் 2021இலும் ஆடிக் கிருத்திகைக்குப் பக்தர்களை மலைக்கு விடாததே அன்று அரசு எடுத்த வழி. கூட்டத்தை எந்தச் செயலியாலும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அந்த முடிவு சொல்லாமல் சொன்னது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சாதனை இருக்கிறது. இந்த ஊரார் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள வேண்டியது. 2020 செப்டம்பர் 30 அன்று சயின்ஸ் இதழ் ரமணன் லக்ஷ்மிநாராயண் குழுவினரின் ஆய்வை வெளியிட்டது. ஆய்வுக்களம் தமிழ்நாடும் ஆந்திரமும். அதாவது இந்த மலையிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தெரிகிற இரண்டு மாநிலங்கள். தொற்று உறுதியான 84,965 பேரோடு பழகி, பரிசோதனை முடிவும் தெரிந்த 5,75,071 பேரின் விவரங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பத்தில் ஏழு நோயாளிகளிடமிருந்து அவர்களோடு பழகிய யாருக்கும் தொற்று போனதாகத் தெரியவில்லை. சுமார் 5 விழுக்காட்டினர்தான் பரவிய தொற்றில் 80 விழுக்காட்டுக்குக் காரணம். உலகமே மேற்கோள் காட்டிய இந்த உண்மை செயலியிலிருந்து வரவில்லை. இரண்டு மாநிலங்களிலும் வாசல் வாசலாகப் போய், போனில் கூப்பிட்டு, யாரோடு சாப்பிட்டீர்கள், எந்த வண்டியில் வந்தீர்கள் என்று கேட்டு எழுதிய பல்லாயிரம் ஊழியர்களிடமிருந்து வந்தது.

கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டால் ஏன் சொன்னார்கள்? பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டவர், பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் அழைத்தவர் அவர். எதற்குக் கேட்கிறார் என்று தெரியும், தவறாகப் போனால் யாரிடம் போய் நிற்பது என்றும் தெரியும். அவரைத் திருப்பிக் கேள்வி கேட்கலாம், ஒன்றைச் சொல்லி இதை எழுதாதீர்கள் அம்மா என்று கேட்டுக்கொள்ளலாம். மனிதர் வாயிலும் தகவல் கசியும், ஊர் வம்பு கணினிக் கசிவைவிட வேகமானது என்பது உண்மைதான். ஆனாலும் கசிந்தால் யாரைப் பிடிப்பது என்பது தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவி, சந்தை இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசைக்கே மாற்றப்பட்டபோது, சுமை தூக்குவோரையும் லாரி ஓட்டுநர்களையும் ஊர் ஊராகத் தேடியது இந்த ஆள்பலம்தான்.

பெயரைக் காப்பது நோய்த் தடுப்புக்கு இடைஞ்சல் என்ற எண்ணம் பல அதிகாரிகளிடம் இருக்கிறது. தமிழ்நாடு நேர்மாறானதை முப்பது ஆண்டுக்கு முன்பே கற்றுக்கொண்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் தொற்றுள்ள பெண்களைக் காப்பு இல்லங்களில் அடைத்து வைத்தார்கள், வழக்குப் போட்டுத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அடைபடும் பயம் இருந்தவரை யாரும் தாமாகச் சோதனைக்கு வரவில்லை. பெயர் வெளியே போகாது என்ற உறுதியோடு ஆலோசனை மையங்கள் வந்த பிறகே கூட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒருவரின் சம்மதமின்றி அவர் நிலையை வெளியிடுவதைத் தடைசெய்கிறது. 2020 மே மாதம் தென்கொரியா இதையே வேறு வழியில் கண்டது. சியோலின் இட்டேவோன் பகுதிக் கேளிக்கை விடுதிகளில் தொற்று பரவியபோது, போனவர்களின் பாலியல் அடையாளத்தை ஊடகங்கள் கிளற, பலர் ஒளிந்துகொண்டார்கள். பெயர் சொல்லாமலே சோதனை செய்துகொள்ளலாம் என்று நகர நிர்வாகம் அறிவித்ததும் வரிசை நீண்டது. 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை தொற்று பரவிய தில்லி மத மாநாட்டின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, ஒரே மூலத்திலிருந்து வந்த தொற்று என்று சொல்லத் தொடங்கியதும் இந்த வகை விவேகம்தான். தாமதமாக வந்தது, ஆனாலும் வந்தது.

இந்த விவேகம் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு 1897 சாட்சி. பிளேக்கைத் தடுக்க வந்த கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து பெண்களைச் சோதித்தார்கள். ஜூன் 22 அன்று பிளேக் கமிஷனர் ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். சென்னை மாகாணத்தில் பிளேக் பகுதியிலிருந்து வந்த ரயில் பயணிகளுக்கு பிளேக் பாஸ்போர்ட் என்று ஒரு சீட்டுக் கொடுத்து, போன ஊரில் சில நாள் அதிகாரியிடம் முகம் காட்டச் சொன்னார்கள். இ-பாஸின் மூதாதை அது. அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டமே 2020இலும் பயன்பட்டது. நோயாளிக்கு என்ன உரிமை என்று அதில் ஒரு வரி கிடையாது.

ஆரோக்கிய சேதுவின் தடமறியும் வசதியை நிறுத்தி, அதில் சேர்ந்த தொடர்புத் தகவலை அழித்துவிட்டதாக 2023 பிப்ரவரியில் அரசு மக்களவையில் தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் 7ஆம் பிரிவு, கொள்ளைநோய்க் காலத்தில் சிகிச்சைக்காகவும் சுகாதார சேவைக்காகவும் சம்மதம் இல்லாமலே தகவலைக் கையாள இடம் தருகிறது. அது தேவையான ஏற்பாடுதான். 17ஆம் பிரிவோ அரசு அறிவிக்கும் எந்த அரசு அமைப்புக்கும் விலக்குத் தரலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அடுத்த தொற்றில் எடுக்கப்படும் தகவல் நோய்க்கு மட்டுமே என்று உறுதி சொல்லும் வரி எதுவும் கையில் நிற்காது. சிங்கப்பூர் ஒரு மாதத்தில் எழுதிய அந்த வரியை நம் சட்டம் இன்னும் எழுதவில்லை.

அதற்குள் வேறு கருவிகள் வந்துவிட்டன. 2023 மார்ச் முதல் திருமலையில் முகம் அறியும் தொழில்நுட்பத்தைத் தேவஸ்தானம் லட்டு வழங்கவும் அறை ஒதுக்கவும் பயன்படுத்தத் தொடங்கியது. தணிகை முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திருப்பதிக்குப் போகும் குடும்பங்கள் அங்கே முகத்தைக் கொடுத்துவிட்டு வருகின்றன. தரகர்களைத் தடுக்க என்ற காரணம் நியாயமானது, மக்கள் ஏற்கவும் செய்கிறார்கள். அந்தப் படம் எத்தனை நாள் இருக்கும், காவல்துறை கேட்டால் போகுமா என்பதை வரிசையிலேயே ஒரு பலகை சொல்லலாம்.

திருத்தணி நகராட்சியும் அரசு மருத்துவமனையும் கோயில் நிர்வாகமும் இதற்குத் தில்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பெயரும் எண்ணும் கேட்கும் ஒவ்வொரு படிவத்திலும் எதற்காக, யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அழிப்போம் என்று தமிழிலும் தெலுங்கிலும் மூன்று வரி அச்சடிக்க ஆகும் செலவு மிகக் குறைவு. தவறு நடந்தால் புகார் தர ஒரு பெயரும் ஒரு மேசையும் வேண்டும், அது இந்த ஊரிலேயே இருக்க வேண்டும். செவிலியர்களுக்கான பயிற்சியில் எதை எழுத வேண்டும் என்பதோடு எதை எழுதக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். தனிமைப்படுத்தலில் இருப்பவர் வீட்டுக்குச் சாமான் கொண்டுபோகிறவர் அரசு முத்திரையோ அங்கியோ இல்லாமல் போகலாம். இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. வருகிற ஆடிக் கிருத்திகைக்குக் காணாமல் போகும் குழந்தைகளுக்காகக் கையில் எண் எழுதும் இடத்திலேயே, மருத்துவ முகாமின் பதிவேட்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.